சலூன் கத்தியும் உங்கள் படமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் சவரக்கத்திக்குப் பல மொழிப் பெயர்களைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். இந்தியில் உஸ்தரா, ஜெர்மனில் ரஸியர்மெஸ்ஸர், ஜப்பானில் கமிசோரி. நல்லது. அதோடு விட்டிருக்கலாம். கீழே அந்தக் கத்தியின் படமும், 'வடசென்னை சலூன்களில் இன்றும் இதே கத்தியைத் தோல்வாரில் முன்னும் பின்னும் தேய்த்துக் கூர் ஏற்றி, ஆள் மாற்றி ஆள் சவரம் செய்கிறார்கள்' என்று ஒரு வரியும். எழுதியவருக்கு வண்ணாரப்பேட்டை வரை வர நேரம் இருந்திருக்காது, பாவம்.

தோல்வார் கூர் ஏற்றாது. கூர் ஏறுவது சாணைக்கல்லில். அங்கே கத்தியின் முதுகும் வாயும் (வெட்டும் விளிம்பும்) சேர்ந்து கல்லில் படிய, வாய் முன்னே போகும். வாரில் நேர்மாறாக முதுகு முன்னே, வாய் பின்னே. திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். நீங்கள் எழுதியபடி திருப்பாமல் தேய்த்தால் தோலும் கிழியும், வாயும் மடங்கும். மடங்கிய வாயை நேராக்க மறுபடி கல்லுக்குத்தான் போக வேண்டும்.

இதெல்லாம் பழைய கதை. இன்று தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எந்தக் கடையிலும் இருப்பது அரை பிளேடு செருகும் பிடிதான். பிளேடைக் காகித உறையோடு மடித்து ஒடித்து, ஒரு பாதியைச் செருகி மூடுவார்கள். ஒரு முனை துருத்தினால் தாடையில் கோடு விழும். முகத்தில் முப்பது டிகிரி சாய்வு; அதற்கு மேல் நிமிர்ந்தால் வெட்டும். ஆளுக்கு ஒரு பாதி. முடிந்ததும் தகர டப்பாவில் போய்விடும், குப்பை அள்ளுபவர் கை அறுபடாமலிருக்க. சுகாதாரத்தில் குறை சொல்ல ஆசையென்றால் படிகாரக் கல்லைச் சொல்லியிருக்கலாம்: ரத்தம் கசிந்த ஒரு முகத்தில் தேய்த்த கல்லை அடுத்த முகத்தில் வைப்பதுதான் தவறு. பிளேடு செருகும் இடுக்கைக் கழுவாமல் விடுவதும் அப்படித்தான். அது உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை.

வடசென்னை என்றால் உங்களுக்குக் கத்திதான் நினைவுக்கு வரும். காசிமேட்டில் அடிதடி என்றாலும் மடக்குக் கத்திப் படம். ராயபுரத்தில் கால்பந்துப் போட்டி என்றால் ஒற்றைப் பத்தி. 2020-இல், கொரோனா காலத்தில், முடி வெட்ட வருபவரிடம் ஆதார் எண் வாங்கச் சொன்னார்களே, கடைக்காரர் பதிவேடும் கையுமாக நின்றபோது இந்த சுகாதார அக்கறை எங்கே போயிற்று?

போகட்டும். இணையப் பதிப்பில் அந்த ஒரு வரியையாவது எடுத்துவிடுங்கள். படத்தையும் மாற்ற மனமிருந்தால், அரை பிளேடு பிடியின் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொருக்குப்பேட்டை, சென்னை