விலைப்பட்டியலின் வலப்பக்கம்

கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியதிலிருந்து குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவதையே விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். நானும் ஓராண்டு அப்படித்தான் இருந்தேன். மாங்கூழ் ஆலையில் பருவம் முடிந்ததும் ஓவர்டைம் பணம் நின்றுவிடும் என்பதும், மாசி பங்குனியில் எங்கள் வீட்டில் எப்போதும் கையிறுக்கம் என்பதும் நீ அறியாததல்ல.

ஆனால் நான் நிறுத்தியதற்குப் பணம் மட்டும் காரணமன்று. நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றில், பிரியாணிக்காக ஒரு வாரமாகக் காத்திருந்த என் மகள், விலைப்பட்டியலின் வலப்பக்கத்தில் மட்டும் விரலை ஓட்டிவிட்டு, "எனக்கு இட்லி போதும்ப்பா" என்றாள். அவள் படித்தது பட்டியலை அல்ல, என் முகத்தை என்று எனக்கு வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

இப்போது மாதத்துக்கு 800 ரூபாய் என்று முன்கூட்டியே ஒதுக்கி, கிளம்புவதற்கு முன் அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கடையைத் தேர்ந்தெடுப்பதும் பில் கட்டுவதும் அவள் பொறுப்பு. நான் பில்லைத் தொடுவதே இல்லை. பதினாறு வயதுப் பெண் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செலவு செய்கிறாள் தெரியுமா? 2017 நவம்பர் முதல் சாதாரண உணவகங்களில் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்றாலும், பல கடைகளில் ஏ.சி. அறைக்குத் தனி விலை வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, எங்களை மின்விசிறிக்குக் கீழேயே உட்கார வைக்கிறாள்.

சென்ற மாதம் தென்பெண்ணை ஆற்றிலுள்ள கே.ஆர்.பி. அணைக்குப் போனோம். மீன் வறுவலை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு, சோற்றை வீட்டிலிருந்து எடுத்துப் போகலாம் என்றேன். "விடியற்காலையில் எழுந்து நான் சமைப்பதென்றால், எனக்கு மட்டும் என்ன ஞாயிற்றுக்கிழமை?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆகவே எலுமிச்சைச் சோற்றை நானும் மகனும் கிளறினோம். உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையாதலால், எங்கள் ஐந்து பேரில் எனக்கும் மகனுக்கும் மட்டுமே டிக்கெட். மிச்சமான காசில் மகள் இன்னும் ஒரு தட்டு மீன் சொன்னாள். தென்பெண்ணைக் காற்றில், முள்ளெடுத்துக் கொடுத்துக்கொண்டே என் அம்மா வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் அவள் அவ்வளவு பேசுவதில்லை.

அதற்கு முந்தைய மாதம் நகருக்குள் ஒரு சிறிய மெஸ்ஸில் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டோம். "களி தின்னவும் காசு கொடுக்கணுமா?" என்று அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிரித்தாலும் இரண்டாவது உருண்டையைக் கேட்டு வாங்கினாள் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

உனக்கு 800 அதிகமென்றால் 300 போதும். ஒரு முழுச் சாப்பாட்டைப் பார்சல் வாங்கினால் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம் என்பதை நம் விடுதி நாள்களிலேயே நாம் கண்டுகொண்டோமே! எந்தத் தொகையானாலும் அதை வாசலைத் தாண்டும் முன்பே தீர்மானித்துவிடு. மேசைக்கு முன் உட்கார்ந்த பிறகு கணக்குப் போடாதே, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆலை ஓடத் தொடங்கிவிட்டால் எனக்கு ஞாயிறும் கிடையாது. அதற்குள் ஒருமுறை குடும்பத்தோடு வா. அணைக்குப் போகலாம். மீன் செலவு என் மகளுடையது; சோறு உன் பொறுப்பு, நீயே கிளற வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்