தமிழ் மெயில் ஐடியைத் தமிழிலேயே திட்டித் திருப்பும் அரசுப் படிவங்கள் குறித்து

மதிப்பிற்குரிய நிக்ஸி (இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம்) நிர்வாகத்தினருக்கும் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

.இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் இணைய முகவரி பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கொடுத்தவர்களே நீங்கள்தான். கொங்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுத்துப் பிழைப்பவன் நான். 2021 ஜனவரியில், .இன் (.in) என்று முடியும் பெயர் பதிந்தால் தாய்மொழியில் ஒரு டொமைன், அதாவது இணையதளப் பெயர், இலவசம், உள்ளூர் மொழி மின்னஞ்சலும் உண்டு என்று அறிவித்தீர்களே, அதைப் படித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். நான் சொல்லித் தமிழ்ப் பெயர் வாங்கியவர்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். நான் உங்களைக் கேட்கிறேன்.

மரச்செக்கு வைத்திருக்கும் அக்கா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். தமிழ் தவிர வேறு எழுத்து படிக்கத் தெரியாது. கடைப் பெயரிலேயே தமிழ் டொமைன், அதிலேயே தமிழ் மெயில் ஐடி. போனில் அவரே திறந்து பார்ப்பார், பதிலும் போடுவார். அரசுத் துறை ஒன்றின் தளத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போனார். எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை ஒழுங்கு என்று ஆகிவிடும். படிவம் முழுக்கத் தமிழ். அக்கா தன் முகவரியை எழுத்துக் கூட்டி அடித்தார். உடனே கீழே சிவப்பில் ஒரு வரி: 'சரியான மின்னஞ்சல் முகவரியை உள்ளிடவும்.' திரும்பவும் அடித்தார். திரும்பவும் அதே வரி. உதவி எண்ணுக்குப் போன் போட்டால், "இங்கிலீஷ்ல ஒரு ஐடி போட்டுக்கோங்கம்மா" என்றார்கள்.

கடைசியில் பிரவுசிங் சென்டர் பையன் தன் ஐடியையே போட்டு விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்தான். தப்பாகச் செய்யவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் செய்வான். எங்கள் ஊரில் பலருடைய ஆவணங்களில் அவன் ஐடிதான் இருக்கும். அப்புறம் சென்டரை மூடிவிட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவன் இன்பாக்ஸில் போய்க் கிடந்தது. கெடு முடிந்து அபராதம் வந்தபோதுதான் அக்காவுக்கு விஷயமே தெரியும். "மெயில் அனுப்பியாச்சேம்மா" என்றது அலுவலகம். "கடை என் பேர்ல, லைசென்ஸ் என் பேர்ல, கடுதாசி மட்டும் யாரு வீட்டுக்கோ போகுதுங்களே தம்பி, இது என்ன கணக்கு?" என்று அக்கா என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

காரணம் மர்மமில்லை. முகவரியைச் சரிபார்க்கும் நிரலில், ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு இவை தவிர வேறெது வந்தாலும் தள்ளிவிடு என்று யாரோ என்றோ எழுதிய ஒரு வரி. அதையே தளத்துக்குத் தளம் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். பிற மொழி எழுத்திலான மின்னஞ்சல் முகவரிக்கு 2012இலேயே தரநிலை வந்துவிட்டது. ஜிமெயில் 2014 முதல் அப்படிப்பட்ட முகவரிகளோடு அஞ்சல் பரிமாறுகிறது. முகவரி உண்மையானதா என்று அறிய அதற்கு ஓர் ஓடிபி அனுப்பிப் பார்த்தால் போதும். எழுத்தைப் பார்த்து ஆளை நிறுத்த வேண்டியதில்லை. அனுப்பும் சர்வரும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். தயார்படுத்தத்தான் கேட்கிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: நீங்கள் கொடுத்த தமிழ் முகவரியை அரசுத் தளங்களின் படிவங்கள் ஏற்க வேண்டும்.

இது புதுப் பேச்சும் இல்லை. 2007இல், உலக அளவில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 11 மொழிகளில் டொமைன்களைச் சோதித்துப் பார்த்தபோது தமிழும் அதில் இருந்தது. 'உதாரணம்.பரிட்சை' என்று ஒரு முகவரி, எழுத்துப்பிழையோடுதான், ஆனாலும் வேலை செய்தது. .இலங்கைக்கு 2010இலும் .இந்தியாவுக்கு 2011இலும் வழி பிறந்தது. எந்த மொழி முகவரியையும் எல்லாத் தளங்களும் ஏற்க வேண்டும் என்பதற்காக 2023 முதல் உலக ஏற்புத் தினம் என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். 2024இல் நீங்களும் இதற்காகவே பாஷாநெட் என்று விழா எடுத்தீர்கள். 22 இந்திய மொழிகளிலும் டொமைன் தருகிறோம் என்று மேடையில் சொல்கிறீர்கள். பெயர் வைக்க விழா, வீட்டு வாசலில் நுழைய விடாமல் காவல். ஐகானோ 2026ஆம் ஆண்டுச் சுற்றில் புதிய முடிவுப்பெயர்களுக்கு (.இந்தியா போல முகவரியின் கடைசியில் வருபவை) 2,27,000 டாலர் விண்ணப்பக் கட்டணம் வைத்தது. இருக்கிற முடிவுப்பெயரையே படிவம் ஏற்காதபோது இன்னும் எத்தனை கடைவிரித்து என்ன? தமிழ் முகவரியை குரோமிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் 'எக்ஸ்என்' என்று தொடங்கி வாயில் நுழையாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழுகிறது. அதை வாட்ஸ்அப்பில் பார்த்த வாடிக்கையாளர் மோசடி லிங்க் என்று பயந்து அழித்துவிடுகிறார்.

சரி, ஐகானும் குரோமும் உங்கள் கையில் இல்லை. படிவங்கள் உங்கள் கைக்கு எட்டும். ஏராளமான அரசுத் தளங்களைக் கட்டிப் பராமரிக்கும் தேசிய தகவலியல் மையம் உங்கள் அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. நிக்ஸியும் அதே கூரையின் கீழ். பக்கத்து அறைக்கு ஒரு கடிதம் எழுத மாநாடு எதற்கு?

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பணிவோடு கேட்பது இதுதான். தமிழ் முகவரியை அரசுத் தளங்களின் படிவங்கள் ஏற்க வேண்டும். எல்லாத் தளத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. உரிமமும் அபராதமும் சம்பந்தப்பட்ட தளங்களில் முதலில் தொடங்குங்கள். அந்தத் தளங்களின் பட்டியலையும் எந்தத் தேதிக்குள் முடியும் என்பதையும் வெளியிடுங்கள். அதுவரை, மெயில் போனதை மட்டும் சாட்சியாக வைத்து அபராதம் போட வேண்டாம், எஸ்எம்எஸ்ஸும் அனுப்பச் சொல்லித் துறைகளுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
.இந்தியா முகவரி வைத்திருப்பவர்கள் சார்பில்,
ஓர் இணையதள வடிவமைப்பாளர்