எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் நன்றி

கல்வியாண்டு முடிகிற இந்த நேரத்தில், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் சார்பில் இம்மடலை எழுதுகிறோம்.

ஆசிரியரின் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம் இருக்கிறது என்றுதான் ஊரில் முதலில் கேட்பார்கள். பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்று கண்டுபிடிக்கும் திறமை அதைவிடப் பெரிது. மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு எங்கள் முதல் நன்றி அதற்காகத்தான். 402இலிருந்து 178ஐக் கழித்தால் 224. ஒரு பிள்ளை 376 என்று எழுதினால், தப்பு போட்டுவிட்டு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். பத்தும் அதே போலத்தான் தப்பாகும். டீச்சர் விடையைப் பார்த்ததுமே பிடித்துவிடுகிறார்: எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது பிள்ளை. 8இல் 2, 7இல் 0, 4இல் 1. நடுவில் சுழியம் இருப்பதால் கடன் வாங்கப் பத்துகளே இல்லை, சறுக்கல் அங்கேதான். உடனே குச்சிக் கட்டுகளை எடுக்கிறார். ஒரு நூறைப் பத்துப் பத்துகளாகப் பிரித்து, அதில் ஒரு பத்தை ஒன்றுகளோடு சேர்க்க வைக்கிறார். 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று என்று கையால் எண்ணிய பிறகுதான் நோட்டைத் திறக்க விடுகிறார். அமெரிக்காவில் ஹில், ரோவன், பால் மூவரும் 2005இல் வெளியிட்ட ஆய்விலும், கற்பிப்பதற்கான இந்தக் கணித அறிவு கூடுதலாக இருந்த ஆசிரியர்களிடம் ஒன்றாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகம் முன்னேறியிருந்தார்கள்.

தமிழ் ஐயா, பாடத்தை மளமளவென்று ஒப்பிக்கிற பிள்ளையை நம்பிவிடுவதில்லை. பத்தியின் நடுவில் விரலை வைத்து அங்கிருந்து வாசிக்கச் சொல்கிறார். மனப்பாடம் அங்கே நின்றுவிடும்.

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை விடுமுறைக்குக் குறைவில்லை. பள்ளி திறந்ததும் விட்ட பாடத்தை அவசரமாக ஓட்டாமல், யாருக்கு எது மறந்திருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னவர் தலைமையாசிரியர். ஆசிரியர் யாராவது பயிற்சிக்குப் போனால், மாற்று ஆசிரியரின் கையில் நடத்த வேண்டிய பக்கத்தை முந்தின நாளே கொடுத்துவிடுகிறார்.

தூய்மைப் பணியாளர் அக்கா காலை இடைவேளைக்கு முன்பே கழிப்பறையைக் கழுவித் தொட்டியை நிரப்பிவிடுகிறார். இது நடக்காத பள்ளியில் பெண்பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். மதியத்துக்கு மேல் தலைவலி, பாடம் ஏறாது. காலை உணவு சமைக்கும் அம்மாக்கள் மணி அடிக்கும் முன்பே பரிமாறி முடிப்பதால் முதல் பாடவேளை முழுதாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ஓர் அரைநேரப் பணியாளரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்த ஆய்வில், கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பிள்ளைகளின் கற்றலும் உயர்ந்தது. பள்ளிப் பணியாளர்களை ‘மற்றவர்கள்’ என்று கடைசி வரியில் சேர்ப்பது நியாயமே இல்லை.

இடமாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யார் யாருக்கு எதில் பிழை வருகிறது என்று குறித்து வைத்திருக்கும் அந்த நோட்டை, அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நன்றியுடன்,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்,
கடலூர்