ராகு காலத்துக்கு பக்கத்துல ரெண்டு வரி இடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் கோவில்பட்டில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். உங்க பேப்பர் காலைல ஆறு மணிக்கு வந்துரும், எங்க வீட்டுல எங்கம்மா தான் முதல்ல பிரிப்பாங்க, 76 வயசு, முதல்ல ராகு காலம் எமகண்டம், அப்புறம் தங்கம் ரேட்டு, அப்புறம் பாபநாசம் அணை நீர்மட்டம் (எங்க ஊர் குடிதண்ணி தாமிரபரணில இருந்து தான வருது), அதுக்கப்புறம் தான் மத்த நியூஸ் எல்லாம். அதே இடத்துல இன்னும் ரெண்டு வரி சேர்த்து போடணும்னு கேட்டுத்தான் இந்த லெட்டர். சர்வதேச விண்வெளி நிலையம் இன்னைக்கு நம்ம மாவட்டத்துக்கு மேல எத்தன மணிக்கு போகுது, எந்த திசைல ஏறி எந்த திசைல எறங்குது, அவ்வளவு தான்.

நாசாவே 2023ல ஸ்பாட் த ஸ்டேஷன்னு ஒரு ஆப் விட்டாங்க, காசு கெடையாது. ஒம்போதாவது படிக்கற என் பொண்ணு தான் என் போன்ல ஏத்தி குடுத்தா. லொகேஷன ஆன் பண்ணிட்டா நம்ம ஊருக்கு அடுத்து எப்ப வருதுன்னு லிஸ்ட் வரும், போன வானத்த பார்த்து புடிச்சா அது போற பாதைய கோடு போட்டு காட்டும். கேக்க சுளுவா இருக்குல்ல? முதல் நாள் நான் பட்ட பாடு எனக்கு தான் தெரியும். ஆறே முக்காலுக்கு மொட்டை மாடில ஏறி நின்னு போன் காட்டுன பக்கமே பார்த்துகிட்டு இருக்கேன், ஒண்ணத்தையும் காணோம், அஞ்சு நிமிஷம் ஆச்சு, கழுத்து வலி தான் மிச்சம். கீழ எறங்கி வந்தா எதுத்த வீட்டு பையன் கேக்கறான், "அண்ணே, இப்ப பெருசா ஒண்ணு போச்சே, பார்த்தீங்களா"ன்னு. அது போனது எனக்கு பின்னாடி! அப்புறம் தான் விஷயம் தெரிஞ்சுது, என் போனுக்கு போட்டிருக்கற ஃபிளிப் கவர்ல காந்தம் இருக்கு, அது போன்ல இருக்கற திசைகாட்டிய திருப்பி விட்டுருது. பத்தாததுக்கு நான் நின்னது தண்ணி டேங்கோட இரும்பு ஸ்டாண்ட ஒட்டி. கவர கழட்டி போட்டு, போன கைல வச்சு எட்டு போடற மாதிரி நாலு தடவ சுத்துனதுக்கு அப்புறம் தான் வடக்க வடக்குன்னு காட்டுச்சு. இத எந்த வீடியோலயும் எனக்கு யாரும் சொல்லல, அதான் எழுதறேன்.

அடுத்த தடவ அம்மாவையும் மேல கூட்டிட்டு போயி பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சேன். வடமேற்குல, பக்கத்து தெரு வேப்பமரத்துக்கு மேல, சின்னதா ஒரு புள்ளி கெளம்புச்சு. பிளேன் மாதிரி செவப்பு பச்சை லைட்டு இல்ல, மினுக்கு இல்ல, சத்தம் இல்ல, வெள்ளையா அப்படியே வழுக்கிகிட்டு வந்துச்சு, தலைக்கு மேல வரும்போது வெள்ளி கிரகத்த விட பிரகாசம். அதுல லைட்டு ஒண்ணும் எரியலம்மா, நமக்கு சூரியன் மறைஞ்சிருச்சு, 400 கிலோமீட்டர் மேல இருக்கறவங்களுக்கு இன்னும் மறையல, அந்த வெயில் தான் பட்டு மின்னுதுன்னேன். அம்மா கைய நெத்தில வச்சு பார்த்துகிட்டே, "ஏல, எட்டு நாள்னு போயி ஒம்போது மாசம் இருந்துச்சே ஒரு பொண்ணு, அந்த வீடா இது?"ன்னாங்க. சுனிதா வில்லியம்ஸ சொல்றாங்க, உங்க பேப்பர்ல படிச்சது தான். ஆமாம்மான்னு சொல்லி வாய மூடல, கெழக்க பாதி தூரத்துல லேசா செவந்து, அணைஞ்சிருச்சு. பூமியோட நிழலுக்குள்ள போயிருச்சு, வேற ஒண்ணுமில்ல. அம்மா பதறிட்டாங்க, "என்னல, விழுந்துருச்சா?"

சென்னை எங்க ஊர்ல இருந்து 550 கிலோமீட்டர் இருக்கும், ஆம்னி பஸ்ல ஏறுனா ராத்திரி பூரா போகணும். விண்வெளி ஸ்டேஷன் தலைக்கு மேல வர்றப்ப சென்னைய விட கிட்டத்துல இருக்கு, அந்த தூரத்த அது ஒரு நிமிஷம் சொச்சத்துல தாண்டிரும், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகம். இத நெனச்சாலே எனக்கு இன்னமும் ஒரு மாதிரி இருக்கும்.

2025 ஜூலைல சுபான்ஷு சுக்லா மேல இருந்தப்ப தினம் ஏறி பார்த்தோம், ஒரே ஒரு நாள் தான் மேகம் விலகுச்சு, போகட்டும். ஆனா அந்த சமயத்துல நான் படிச்ச நியூஸ் எல்லாம் "சென்னையில் இன்று பார்க்கலாம்"னு தான் இருந்துச்சு. சென்னைல உச்சில போனா எங்களுக்கு வடக்க சாய்வா தான் தெரியும், நேரமும் கொஞ்சம் மாறும். தெக்க இருக்கறவன் உச்சிய பார்த்துகிட்டு நின்னா என்னத்த பார்ப்பான்? இன்னொன்னு, கோவிச்சுக்காதீங்க, வானத்துல வரிசையா லைட்டு போனா பேப்பர்காரங்க உடனே "மர்ம ஒளி, பொதுமக்கள் பீதி"ன்னு போட்டுடறாங்க. எலான் மஸ்க் கம்பெனி இன்டர்நெட்டுக்கு விடற ஸ்டார்லிங்க் சாட்டிலைட்ட மொத்தமா ஏவுன ஒண்ணு ரெண்டு நாளைக்கு அப்படித்தான் ரயில் பெட்டி மாதிரி போகும், என் பொண்ணு அதுக்குன்னு இருக்கற வேற ஆப்ப பார்த்து ஒரு நிமிஷத்துல சொல்லிடறா. நிருபர் போன்லயும் ஒரு ஆப் இருந்தா பீதி மிச்சம்.

ஆப் தான் இருக்கே, பேப்பர்ல எதுக்குன்னு நீங்க கேக்கலாம். எங்கம்மா கைல பட்டன் போன். கடைக்கு வர்ற பாதி பேருக்கு போன்ல ஆப் ஏத்தவே நான் தான் உதவணும், இதுல நோட்டிஃபிகேஷன பேட்டரி சேவர் முழுங்கிரும், எனக்கே மூணு தடவ போயிருக்கு. பேப்பர்ல வந்தா டீக்கடைல உக்காந்து பத்து பேர் படிப்பான். தினமும் போடணும்னு கூட இல்ல, சில வாரம் சாயங்காலம் தெரியும், சில வாரம் விடிகாலைல, சில வாரம் தெரியவே தெரியாது, தெரியற நாள் மட்டும் போட்டா போதும். ஆனா மாசத்துக்கு மொத்தமா எடுத்து வச்சுக்காதீங்க, ஸ்டேஷன் கொஞ்சம் கொஞ்சமா கீழ எறங்கும், அப்பப்ப இஞ்சின போட்டு மேல தூக்குவாங்க, டைம் மாறிடும். அச்சுக்கு போறதுக்கு முன்னாடி பார்த்து போடுங்க. டிகிரின்னு போட்டா சனங்களுக்கு புரியாது, கைய முழுசா நீட்டி முஷ்டி மடக்குனா அந்த அகலம் 10 டிகிரி, அதனால "வடமேற்கில் நாலு முஷ்டி உயரம்"னே போடலாம்.

தள்ளி போடவும் முடியாது. 2000 நவம்பர்ல இருந்து ஆளில்லாம ஒரு நாள் கூட இருந்ததில்ல அந்த ஸ்டேஷன், 2030க்கு அப்புறம் பசிபிக் கடல்ல எறக்கிடற பிளான்ல இருக்காங்க. நாசாவோட வாயேஜர் விண்கலம் மாதிரி இல்ல இது. அது 1977ல கெளம்பி இன்னும் போய்கிட்டே இருக்கு, அதோட தூரத்த காட்டுற மீட்டர போன்ல பார்த்துட்டு என் பொண்ணு பிப்ரவரி மாசம் ஓடி வந்தா, "அப்பா, வாயேஜர்-1 தூரம் கொறையுது, திரும்பி வருதா?"ன்னு. எனக்கும் தூக்கி வாரி போட்டுச்சு. வரல, அது செகண்டுக்கு 17 கிலோமீட்டர் போகுது, பூமி சூரியன சுத்தறது 30 கிலோமீட்டர், வருஷத்துல சில மாசம் நாம தான் அது பக்கமா ஓடறோம். அதுக்கெல்லாம் பேப்பர்ல இடம் கேக்கல.

ரெண்டு வரி தான் சார். விளையாட்டு பக்கத்துல போட்றாதீங்க, ராகு காலத்துக்கு நேர் கீழ போடுங்க, எங்கம்மா அங்க தான் முதல்ல பார்ப்பாங்க. எழுத்து கொஞ்சம் பெருசா இருந்தா நல்லது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன், கோவில்பட்டி