பிள்ளைகள் நடக்கும் நடைபவனி: லண்டன் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் காசு சேர்க்கக் கோடையில் நீங்கள் ஒழுங்கு செய்யும் நடைபவனிகளில் சின்னப் பிள்ளைகளும் ஸ்பொன்சர் படிவத்தோடு (நடைக்குக் காசு தருபவர்கள் பெயரும் தொகையும் எழுதும் தாள்) நடக்கிறார்கள். அந்தப் படிவத்தையும் பாதையையும் அவர்களுக்காகக் கொஞ்சம் மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில், "மைலுக்கு இவ்வளவு" என்ற கட்டம் வேண்டாம். ரிச்மண்ட் பார்க்கைச் சுற்றிவரும் பாதை 7.2 மைல். பத்துப் பேர் மைலுக்கு 2 பவுண் என்று எழுதியிருந்தால், நாலாம் மைலில் கால் நோகிற ஏழு வயதுப் பிள்ளைக்கு அடுத்த ஒவ்வொரு மைலும் 20 பவுண். பிள்ளையும் நிற்காது, தாய் தகப்பனுக்கும் நிறுத்த மனம் வராது. "நடைக்கு மொத்தம்" என்று ஒரே கட்டம் போதும்.

அதே தாளில்தான் காசும் வீணாகப் போகிறது. உங்கள் சங்கம் கிஃப்ட் எயிட்டுக்கு (நன்கொடையோடு அரசும் காசு சேர்த்துத் தரும் வரித் திட்டம்) தகுதியுள்ள அறநிறுவனம் என்றால், வரி கட்டுகிறவர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் மேலதிகமாக 25 பென்ஸ் அரசிடம் கோரலாம். அதற்கு முழுப்பெயர், வீட்டு முகவரி, போஸ்ட்கோட், தொகை, கிஃப்ட் எயிட் கட்டத்தில் சரி அடையாளம் எல்லாம் வேண்டும். திரும்பி வரும் தாளில் இருப்பதோ "சித்தி 20", "கடை மாமா 10". வேலையிட முகவரி எழுதினால் செல்லாது. கணவனும் மனைவியும் கொடுத்தால் படிவத்தில் ஆளுக்கொரு வரிசை. வரி கட்டாத அம்மம்மாவின் கிஃப்ட் எயிட் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். எல்லாரிடமும் சேர்த்த காசைத் தகப்பன் தன் காசோலையாகக் கட்டலாம். ஆனால் தன் பெயரில் கிஃப்ட் எயிட் கேட்கக்கூடாது, அது அவருடைய காசு அல்ல. படிவத்தின் முதல் வரிசையை மாதிரியாக நிரப்பியே அச்சடியுங்கள். கொடுப்பவரே தன் கையால் எழுதட்டும்.

அடுத்தது பாதை. ஒரே நீளப் பாதையில் நடுவழியில் களைத்த பிள்ளையைத் தோளில்தான் தூக்கிவர வேண்டும். இரண்டு, இரண்டரைக் கிலோமீற்றர் வட்டமாகப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கழிப்பறை, தண்ணீர், கார் எல்லாம் கைக்கெட்டும். ஐந்து வயதுக்கு ஒரு சுற்றே தாராளம். சின்னவர்கள் மணிக்கு மூன்று கிலோமீற்றர் போனாலே நல்ல வேகம். நேர அட்டவணையை அதற்கேற்பப் போடுங்கள். பதக்கம் முதல் சுற்றிலேயே கிடைக்கட்டும். கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் ஒரு தொண்டர் வரவேண்டும்.

மான் உள்ள பூங்கா என்றால் 50 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். மே முதல் யூலை வரை குட்டி ஈனும் காலம், தாய்மான் பாயும். இதைப் புறப்படுமுன் பிள்ளைகளுக்கே சொல்லுங்கள்.

நடைக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்துத்தான் குதிக்காலைக் கொப்புளமாக்குகிறது. கொப்புளம் எழும்பும்வரை காத்திருக்கக்கூடாது. தோல் சிவந்து சுடும்போதே காலுறையைக் கழற்றி, துடைத்து, பிளாஸ்டர் ஒட்டவேண்டும். முதலுதவி மேசையை முதற் சுற்றின் முடிவில் வையுங்கள்.

ரீசேட்டின் முன்பக்கம் பிள்ளையின் பெயர் போடாதீர்கள். முன்பின் தெரியாதவரும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பெற்றோரின் தொலைபேசி எண்ணை மணிக்கட்டின் உட்புறம் பேனாவால் எழுதினால் போதும். கச்சான் (நிலக்கடலை) ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக, ரோல்ஸ், வடைத் தட்டுகளில் அது சேர்ந்ததா என்று எழுதி ஒட்டுங்கள். தெருவில் உண்டியல் குலுக்க உரிய அனுமதி வேண்டும், அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடவே வேண்டாம்.

இவ்வருடப் படிவம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், அந்த மைல் கட்டத்தையாவது எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
நடைபவனித் தொண்டர்களும் பெற்றோரும்