பழைய படங்களுக்கும் பதிப்பு விவரம் போடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் சினிமா பக்கத்தில் வாராவாரம் ஒரு பழைய படத்தை எடுத்து எழுதுகிறீர்கள். விடாமல் படிக்கிறேன். சென்ற வாரம் 'பிளேடு ரன்னர்' பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. அதைப் படித்துவிட்டு என் மைத்துனர் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையிலேயே போன். "என்ன அத்தான் இது? ஹீரோ பின்னணியில் பேசிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் ஜோடியாகக் கார் ஏறி மலைப்பக்கம் போய்விடுகிறார்கள். இதையா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்?"

அவர் பார்த்தது 1982இல் திரைக்கு வந்த வடிவம். உங்கள் கட்டுரையாளர் வர்ணித்திருந்தது இயக்குநர் ரிட்லி ஸ்காட் 2007இல் இறுதி செய்த வடிவம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே போஸ்டர். ஆனால் படம் வேறு.

எவ்வளவு வேறு என்பதற்கு ஒரு காட்சி போதும். மழை கொட்டும் மொட்டை மாடி. தன்னைக் கொல்ல வந்தவன் விளிம்பில் தொங்குகிறான். ஆணி ஏறிய கையாலேயே அவனைத் தூக்கி மேலே போடுகிறான் செயற்கை மனிதனான ராய் பேட்டி. எதிரில் உட்கார்ந்து, தான் பார்த்ததையெல்லாம் நாலு வரியில் சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போடுகிறான். கையிலிருந்த புறா பறந்துவிடுகிறது. பேட்டியாக நடித்த ரட்கர் ஹவர் அந்த வசனத்தைத் தானே வெட்டிச் சுருக்கிப் பேசினார். பிந்திய வடிவத்தில் அதற்கு மேல் ஒரு விளக்கமும் கிடையாது. கொல்ல வந்த ஹீரோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்டின் முகமும் மழையும்தான். 1982 வடிவத்திலோ, அதே இடத்தில் ஃபோர்டின் குரல் வந்து, இவன் ஏன் என்னைக் காப்பாற்றினான் என்று நமக்குப் பாடம் எடுக்கிறது. வெளியீட்டுக்கு முன் சோதனையாகத் திரையிட்டபோது பார்த்தவர்களுக்குப் புரியவில்லை என்று பயந்து சேர்த்த குரல் அது. அந்த மலைப்பாதை முடிவும் அப்படித்தான். ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக வானிலிருந்து எடுத்து, பயன்படுத்தாமல் மிச்சம் வைத்திருந்த காட்சிகளை வாங்கி ஒட்டினார்கள். 1992இல் வந்த இயக்குநர் வடிவத்திலேயே இரண்டும் போய்விட்டன. மைத்துனர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதைப் பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

நான் பதிப்பகத்தில் புரூஃப் பார்த்துப் பிழைத்தவன். புத்தகத்தைக் கையில் எடுத்தால் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, முதற்பதிப்பா, திருத்திய பதிப்பா, சுருக்கமா என்று பார்த்த பிறகுதான் உள்ளே போவேன். சினிமாவில் அந்தப் பக்கமே இல்லை. யார் வெட்டினார்கள், எப்போது ஒட்டினார்கள் என்று சொல்ல நாதி கிடையாது.

இயக்குநர் வடிவம் என்று போட்டிருந்தால் அதுவே உசத்தி என்று நம்பிவிடுகிறோம். அதுவும் சரியில்லை. ஜுசப்பே டொர்னடோரேயின் 'சினிமா பாரடைசோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் கொண்டாடியது, வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது எல்லாம் சுமார் இரண்டு மணி நேரம் ஓடும் வடிவம். பிறகு வெளியான நீண்ட வடிவம் அதைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் அதிகம். அதில் நரைதட்டிய நாயகன் டோட்டோ தன் பழைய காதலி எலெனாவைச் சந்திக்கிறான். இருவரும் பிரிந்ததில் ஊர் தியேட்டர் ஆபரேட்டர் ஆல்ஃபிரடோவுக்கு என்ன பங்கு என்பது அங்கே உடைபடுகிறது. எனக்கு அது வேண்டவே வேண்டாம். ஊர்ப் பாதிரியார் சொல்லிப் படங்களிலிருந்து வெட்டப்பட்ட முத்தங்களையெல்லாம் ஆல்ஃபிரடோ கோத்து வைத்த அந்தக் கடைசி ரீல், குட்டை வடிவத்தில் ஒரு கிழவர் விட்டுப்போன பரிசு. நீண்டதில் அதுவே பரிகாரம் மாதிரி ஆகிவிடுகிறது. இது என் ரசனை. மாற்றிச் சொல்லும் நண்பர்கள் உண்டு, சண்டையும் உண்டு. ஆனால் சண்டை போடவாவது இருவரும் எதைப் பார்த்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா' கதை இன்னும் கொடுமை. ஐரோப்பாவில் 229 நிமிடம் ஓடிய படத்தை அமெரிக்காவில் 139 நிமிடமாக நறுக்கி, காலம் முன்னும் பின்னும் புரளும் கதையை நேர்க்கோட்டில் அடுக்கி 1984இல் வெளியிட்டார்கள். இயக்குநர் செர்ஜியோ லியோனி அதன் பிறகு வேறு படம் எடுக்கவில்லை. ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தில் வெட்டியதை அழித்தே விட்டார்கள். மீட்கவும் வழியில்லை.

நீளம் மட்டும் இல்லை, அகலமும் ஒரு சங்கடம். பழைய படங்களின் சட்டம், அதாவது ஃபிரேம், ஏறக்குறைய சதுரம். இன்றைய டிவி அகலம். கறுப்புப் பட்டை தெரிந்தால் பார்ப்பவருக்குப் பிடிக்காது என்று யாரோ முடிவு செய்து, ஒன்று பக்கவாட்டில் இழுத்து நடிகர்களை ஒரே ராத்திரியில் பருக்க வைக்கிறார்கள், இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் படத்தில் கால் பங்கு போய்விடும். 'சிட்டிசன் கேன்' படத்தில் தேர்தலில் தோற்ற இரவைப் பாருங்கள். கேனும் நண்பன் லேலண்டும் பேசும் அந்தக் காட்சிக்காகத் தரையைத் தோண்டி கேமராவை இறக்கினார்கள். ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். தலைக்கு மேல் கூரை வந்து அமுக்குகிறது. அந்தக் காலத்துப் படப்பிடிப்பு அரங்குகளில் விளக்குகளைத் தொங்கவிட வேண்டும் என்பதால் பெரும்பாலும் கூரையே இருக்காது. இவர்கள் துணியால் கூரை போட்டு, மைக்கை அதன் மேல் ஒளித்து வைத்தார்கள். அவ்வளவு பாடுபட்டுப் போட்ட கூரையை இன்று ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தி நறுக்கிவிடலாம்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். 'அந்த நாள்' படத்தை ஒரு சானலில் பார்த்தேன். 1954இல் பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த படம். தொடங்கும்போதே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுவார். பிறகு ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லி இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புவார்கள். விளம்பரத்துக்கு இடம் ஒதுக்கியதில் ஒரு ஃபிளாஷ்பேக்கையே விழுங்கியிருந்தார்கள். பாட்டு இருந்திருந்தால் அதை வெட்டியிருப்பார்கள். இல்லாததால் கதையில் கை வைத்தார்கள் போலிருக்கிறது! படம் கொஞ்சம் குழப்பம் என்றார் கூட உட்கார்ந்து பார்த்தவர். குழப்பமாகத்தானே இருக்கும்.

இப்போது முடிவையே மாற்றும் காலம் வந்துவிட்டது. 2013இல் வந்த 'அம்பிகாபதி' 2025 ஆகஸ்டில் மறுவெளியீடு ஆனபோது, இறந்துபோகும் நாயகனைச் செயற்கை நுண்ணறிவு உதவியால் கண் விழிக்க வைத்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்ப்பைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். இன்னும் சில வருடம் கழித்து ஒரு இளைஞர் அந்தப் படத்தைத் தேடும்போது எது கையில் கிடைக்கும்? கறுப்பு வெள்ளைக்குச் சாயம் பூசுவதும் இந்த ரகம்தான். ஜான் ஹூஸ்டனின் 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' படத்துக்கு வண்ணம் பூசியதை எதிர்த்து அவர் வாரிசுகள் பிரான்சில் வழக்காடி, 1991இல் அங்கே உச்ச அளவிலான நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ஊரெல்லாம் கலருக்குப் போய்க்கொண்டிருந்த 1978இல் ருத்ரய்யா 'அவள் அப்படித்தான்' படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அதற்கும் யாராவது சாயம் பூசக் கிளம்பினால் முதல் கண்டனக் கடிதம் என்னுடையது.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' 1927இல் முதலில் திரையிடப்பட்ட பிறகு பலமாக வெட்டப்பட்டது. தொலைந்தது தொலைந்ததுதான் என்று எல்லோரும் இருந்தபோது, 2008இல் பியூனஸ் அயர்ஸ் அருங்காட்சியகம் ஒன்றில் 16 எம்எம் பிரதி கிடைத்தது. தேய்ந்து, கோடு கோடாகக் கிழிபட்ட பிரதி. அதிலிருந்து எடுத்துச் சேர்த்து 2010இல் வெளியிட்டார்கள். சேர்த்த பகுதிகளில் கீறல்கள் அப்படியே மழை மாதிரி விழுகின்றன. படத்தின் அளவும் சற்றுச் சிறுத்து ஓரத்தில் கறுப்பு தெரிகிறது. மற்ற பகுதிகள் பளிச்சென்று இருக்க, இது மட்டும் மங்கல். எது எங்கிருந்து வந்தது என்று கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். புரூஃப் பார்த்தவனுக்கு அந்தக் கீறல்கள்மேல் தனிப் பிரியம்.

எனவே ஒரு விண்ணப்பம். கட்டுரையின் அடியில் ஒரே ஒரு வரி போடுங்கள்: வெளியான வருடம், நீங்கள் பார்த்தது எந்த வடிவம், எத்தனை நிமிடம், வண்ணமா கறுப்பு வெள்ளையா, சட்டம் சதுரமா அகலமா. ஐந்தே விவரம். இடம் போதாது என்றால் நட்சத்திர மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள், பழைய படத்துக்கு அது எதற்கு? அடுத்து ஜப்பானிய இயக்குநர் குரோசாவா பக்கம் போவதாகக் கட்டுரையாளர் எழுதியிருந்தார். 'செவன் சாமுராய்' என்றால் 207 நிமிடம், நடுவில் இடைவேளை உண்டு, வெளிநாடுகளுக்குச் சுருக்கி அனுப்பிய வடிவமும் உலவுகிறது, அதைவிட்டு முழுசைத் தேடுங்கள் என்று சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர் ஒருவர்