என் தம்பியிடம் நேராகப் பேசியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். ஸ்கிசோஃப்ரினியா என்று மருந்துச் சீட்டில் எழுதுவார்கள். இந்தக் கடிதத்தை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "என் பேர் மட்டும் வேணாம்க்கா, மத்ததெல்லாம் எழுது" என்றான். அதனால் அவன் பெயர் இதில் இல்லை, உங்கள் பெயர்களும் இல்லை. படிக்கும்போதே யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நோய் வந்தபின் அவனைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். அவனிடம் பேசியவர்கள் சிலர்தான். இந்த நன்றி அந்தச் சிலருக்கு.

டாக்டர், முதலில் உங்களுக்கு. குடும்பமே வந்து உட்கார்ந்து ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தபோது, எங்களைக் கையமர்த்திவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். "தூக்கம் எப்படி இருக்கு? நீங்க சொல்லுங்க." அவன் வாய் திறக்க வெகுநேரமானது. அம்மா எடுத்துக்கொடுக்கப் பார்த்தாள். நீங்கள் அவளையும் நிறுத்திவிட்டு அவனுக்காகக் காத்திருந்தீர்கள். இந்த நோயில் யோசனை கோர்வையாக வராது, பதில் வரத் தாமதமாகும், அதுவும் நோயின் வேலைதான் என்று பிறகு எங்களுக்கு விளக்கினீர்கள். குரல் கேட்பதும் யாரோ வேவு பார்க்கிறார்கள் என்ற பயமும் எல்லோர் கண்ணிலும் படும். எதிலும் ஆர்வமில்லாமல் போவது, குளிக்கக்கூட மனம் வராதது, முகத்தில் உணர்ச்சி மங்குவது, இதையெல்லாம் வீட்டில் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவையும் அறிகுறிகள்தான் என்று நீங்கள் சொன்னதோடு பாதிச் சண்டை ஓய்ந்தது.

"நான் வளர்த்ததில்தான் ஏதோ கோளாறா?" என்று அம்மா உங்களிடம் கேட்டாள். அதற்கு நீங்கள் நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னதை நாங்கள் மறக்க மாட்டோம். ஒரு காலத்தில் மருத்துவர்களிலேயே சிலர் தாயைக் குறை சொன்னார்கள் என்றும், அதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை என்றும் சொன்னீர்கள். மரபணுவுக்குப் பங்குண்டு, ஆனால் அது மட்டுமே காரணம் கிடையாது. ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த, மரபணு ஒன்றேயான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம் என்றீர்கள். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்றும் சொன்னீர்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைத்திருந்த அம்மாவுக்கு அந்தக் கணக்கு பெரிய ஆறுதல்.

வார்டில் இருந்த சிஸ்டர், உங்களைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிக இடம் வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று அவன் காதைப் பொத்திக்கொண்டு நின்ற சாயங்காலம், நீங்கள் முதலில் செய்தது டிவியை அணைத்தது. அப்புறம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தீர்கள். "எனக்கு அந்தக் குரல் கேக்கல. உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது. பயமா இருக்கா?" என்றீர்கள். அவன் தலையாட்டினான். "நான் இங்கேதான் இருப்பேன்" என்றீர்கள். வேறொன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கை காதிலிருந்து இறங்கியது.

அன்று எங்களை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னதை இன்றுவரை அப்படியே செய்கிறோம். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று வாதாட வேண்டாம். "ஆமாம், இருக்கிறார்கள்" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். அவன் நம்புவது நமக்குப் பொய்யாகப் படலாம், அவன் படும் பயம் மெய். அந்தப் பயத்தோடு பேசுங்கள் என்றீர்கள். இயர்போனில் பாட்டு கேட்பதும், வாய்க்குள்ளேயே மெல்ல முணுமுணுப்பதும் சிலருக்குக் குரல்களைத் தணிக்கும் என்று அவனுக்கே சொல்லிக் கொடுத்தீர்கள். இயர்போன் இப்போதும் அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

சமூகப் பணியாளர் மேடம், தனக்கு நோயே இல்லை என்று அவன் அடித்துச் சொன்ன நாட்களில் எங்களைக் காப்பாற்றியது உங்கள் யோசனை. நோய் இருப்பதே தெரியாமல் போவதும் பலருக்கு இந்த நோயின் ஒரு பகுதி, அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றீர்கள். நோய் என்று ஒப்புக்கொள்ள வைக்கப் போராடாமல், அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றான். மாத்திரைப் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

மருந்தாளுநர் அண்ணா, நீங்கள் மருந்தைக் கொடுத்து அனுப்பியதோடு நிற்கவில்லை. உட்கார முடியாமல் அவன் கால் மாற்றிக் கால் மாற்றி நடந்துகொண்டே இருந்ததைக் கவனித்து, இது மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம், தானாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள் என்று அவனிடமே சொன்னீர்கள். டாக்டர் அளவை மாற்றினார், அலைச்சல் அடங்கியது. பிறகு க்ளோசபின் தொடங்கினார்கள். மற்ற மருந்துகள் சரியாகக் கேட்காதபோது தருகிற மருந்து அது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று அடிக்கடி பார்த்தாக வேண்டும். மலச்சிக்கலைக்கூட இந்த மருந்தில் சாதாரணமாக விடக்கூடாது என்று நீங்கள் எச்சரித்ததும், ரத்தம் எடுக்கும் தங்கை ஒவ்வொரு முறையும் அவனிடம் "எந்தக் கையில எடுக்கட்டும்?" என்று கேட்டதும் சின்ன விஷயங்கள் இல்லை.

குடும்பங்கள் கூடும் குழுவில் எங்களை வரவேற்ற பெரியவரே, உங்கள் மகனோடு நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் எங்களுக்குப் பாடமாகத் தந்தீர்கள். 1950களிலும் 60களிலும் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் செய்த ஆய்வுகளைப் பற்றி நீங்கள் சொல்லித்தான் முதலில் தெரிந்துகொண்டேன். குத்திப் பேசுவதும் வெறுப்பும் நிறைந்த வீடுகளுக்கும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைக்கும் வீடுகளுக்கும் மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்று கண்டார்கள். அதைச் சொல்லி யாரையும் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. "ஒரு நேரத்துல ஒரு விஷயம், சின்ன வாக்கியம், குரலை ஏத்தாம" என்று பழக்கிக் காட்டினீர்கள்.

அவன் தெளிவாக இருக்கும்போதே ஒரு தாள் எழுதி வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். நோய் திரும்புவதன் முன்னடையாளம் ஆளுக்கு ஆள் வேறு. அவனுக்கு முதலில் தூக்கம் போகும், அடுத்து ஜன்னல் திரையை இழுத்து மூடுவான், அப்புறம் போனை எடுக்க மாட்டான். இதையெல்லாம் அவனே தன் கையெழுத்தில் எழுதினான். அப்போது யாரைக் கூப்பிடுவது, எந்த மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது, யார் தன்னைத் தொட்டால் பிடிக்காது என்பதும் அதில் இருக்கிறது. போன முறை தூக்கம் கெட்டபோது, அந்தத் தாளை எடுத்துவந்து "டாக்டருக்கு போன் போடு" என்றவன் அவன்தான். அட்மிட் ஆகாமலே சமாளித்தோம்.

அவனுடைய பள்ளித் தோழனே, உனக்கும் நன்றி. தம்பி ஒரு வார்த்தைகூடப் பேசாத நாட்களிலும் வந்து செஸ் பலகையை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். மாத்திரை மயக்கம் தெளிய நேரமாகும் என்று புரிந்துகொண்டு மதியத்துக்கு மேல் வேலை தந்த முதலாளிக்கும், "ஆபத்தில்லையா?" என்று கேட்டவர்களிடம் "தினமும் என்கிட்ட பேசுறவர், எனக்கு ஒரு பயமும் இல்லை" என்று பதில் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடிபடுகிறவர்களே அதிகம். அதை அடுத்தவர் வாயால் கேட்பது எங்களுக்குப் பெரிய பலம்.

பெரியவரே, மூட்டு வலியால் இனி குழுவுக்கு வர முடியாது என்று சொல்லியனுப்பினீர்கள். அடுத்த கூட்டத்திலிருந்து புதிதாக வருகிறவர்களோடு நான் உட்காருகிறேன். டாக்டர், யாராவது கலங்கிப்போய் வந்தால் எங்களிடம் அனுப்புங்கள். தம்பியும் வருகிறேன் என்கிறான். பேசுவதா வேண்டாமா என்பதை அங்கே வந்து முடிவு செய்துகொள்வானாம்.

அன்புடன்,
அவனுடைய அக்கா